மாகாண நிர்வாகத்திட்ட எழுத்தில கேள்வி கேக்கிறது எப்பிடி: வன்னி ஆக்களுக்கு

வடக்கு மாகாணசபை 2018 ஒக்டோபரில முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆனா மாகாணம் முடியேல்ல. பள்ளிக்கூடம், கிராமத்து ஆஸ்பத்திரி, உள்றோட்டு, குளம், உள்ளூராட்சி எல்லாம் இப்பவும் மாகாணத்தின்ர கையிலதான் கிடக்கு, காசு வருது, செலவாகுது, செயலாளர்மார் இருக்கினம், ஆளுநர் இருக்கிறார். இல்லாமப் போனது என்னெண்டா, சபையில எழும்பி நிண்டு இந்தக் காசு எங்க போச்சு, அந்த வேலை ஏன் பாதியில நிக்குது எண்டு கேக்கிறதுக்கு சனம் வாக்குப் போட்டு அனுப்பின ஆக்கள்.

2013 செப்ரெம்பர் 21 நடந்த தேர்தல்ல மாவட்ட ரீதியா தெரிவான 36 பேரில வவுனியாவுக்கு 6, முல்லைத்தீவுக்கு 5, மன்னாருக்கு 5, கிளிநொச்சிக்கு 4 எண்டு 20 பேர் வன்னி மண்ணில இருந்து கைதடியில இருந்த மாகாணசபைக்குப் போனவை. அவையள் கேட்டது காணுமோ காணாதோ எண்டு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவினம், ஆனா கேக்கிறதுக்கு ஒரு கதிரை இருந்தது. 2017 இல தேர்தல் முறையை மாத்தினாங்கள், புது எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்ல பாராளுமன்றம் தோற்கடிச்சுது, அதோட நாட்டில இருக்கிற ஒன்பது மாகாணத்துக்கும் தேர்தல் இல்லாமப் போச்சு, இண்டைக்கும் அந்த முடிச்சு அவிழேல்ல.

அதுக்காக நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கேலாது. தெரிவு செய்யப்பட்ட ஆக்கள் ரெண்டு இடத்தில இன்னும் இருக்கினம், ஒண்டு பாராளுமன்றம், மற்றது 2025 மே 6 தேர்தலோட வந்த பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை. அதோட 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில கிடக்கு. இந்த மூண்டையும் ஒண்டாச் சேத்து எப்பிடிக் கேள்வி எழுதுறது, ஆரிட்ட குடுக்கிறது, வந்த பதிலை எப்பிடி வாசிக்கிறது எண்டுதான் இதில எழுதுறன். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எண்டு நிண்டு வேலை செய்யிற ஆக்களுக்கும், புதுசாச் சபைக்குப் போன தம்பி தங்கச்சியளுக்கும் இது உதவும் எண்டு நினைக்கிறன்.

ஏன் எழுத்தில?

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் நடக்கேக்க பாத்திருப்பியள், எம்.பி மார் மேசையில தட்டிக் கேப்பினம், அதிகாரி எழும்பி "பாக்கிறம் சேர்" எண்டுவார், கமெரா எடுக்கும், பின்னேரம் பேஸ்புக்கில வீடியோ வரும், சனமும் லைக் போடும், அடுத்த கூட்டத்துக்கு அதே கேள்வி திரும்ப வரும். சத்தம் போட்டுக் கேக்கிறது பிழையெண்டு சொல்லேல்ல, சில நேரம் அதுவும் வேணும்தான், ஆனா அதில பதிலுக்கு ஒரு திகதி இல்லை, ஒரு கையெழுத்து இல்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு "நீங்கள் அண்டைக்கு இப்பிடிச் சொன்னீங்கள்" எண்டு தூக்கிக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அதிகாரம் பகிர்ந்த மற்ற நாடுகளில இதை எப்பிடி ஒழுங்கு படுத்தி வைச்சிருக்கினம் எண்டு பாருங்கோ. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தில ஒரு உறுப்பினர் எழுத்துமூலக் கேள்வி போட்டா அதுக்கு ஒரு இலக்கம் விழும், சாதாரணமா 10 வேலை நாளுக்குள்ள ஸ்கொட்லாந்து அரசாங்கம் பதில் குடுக்கோணும், விடுமுறை காலமெண்டா 20 நாள். வட அயர்லாந்துச் சட்டசபையிலயும் அமைச்சர் எழுத்துமூலக் கேள்விக்கு 10 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லோணும். கேள்வியும் பதிலும் இலக்கத்தோட இணையத்தில கிடக்கும், ஆரும் தேடி எடுக்கலாம், பத்திரிகைக்காரரும் எடுக்கலாம், அடுத்த கேள்வியை அந்தப் பதிலில இருந்தே தொடங்கலாம். இலக்கம், திகதி, எல்லாருக்கும் தெரியிற பதில், இந்த மூண்டிலதான் அந்த முறையின்ர பலம் முழுக்க இருக்கு. எங்களுக்கு அந்தச் சபை இப்ப இல்லை, ஆனா இந்த மூண்டையும் நாங்களே உண்டாக்கலாம்.

முதல்ல, உது ஆரின்ர அலுவல்?

கனபேரின்ர கேள்வி செத்துப் போறது இந்த இடத்திலதான். பிழையான ஆளிட்டக் கேட்டா "இது எமது விடயப்பரப்புக்கு உட்பட்டதல்ல" எண்டு ஒரு வரியில முடிச்சு அனுப்புவாங்கள், அவங்கள் சொல்லுறது சரியாவும் இருக்கும். 1987 இல அரசியலமைப்புக்கு வந்த 13 ஆவது திருத்தத்தின்ர ஒன்பதாம் அட்டவணையில மூண்டு பட்டியல் இருக்கு, மாகாணத்துக்குரியது, மத்திய அரசுக்குரியது, ரெண்டுபேருக்கும் பொதுவானது. அதை முழுக்கப் படிக்க வேணுமெண்டில்ல, எங்கட ஊர்ப் பிரச்சினைக்கு இவ்வளவு தெரிஞ்சாக் காணும்.

றோட்டு எண்டா ஏ, பி எண்டு தொடங்கிற இலக்கம் உள்ளது வீதி அபிவிருத்தி அதிகாரசபை, அது மத்தி. ஏ9 இல பள்ளம் எண்டு மாகாணத்தைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. சி, டி றோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்சம் இருக்கிற ஊர் றோட்டு, கிறவல் ஒழுங்கை எல்லாம் கூடுதலாப் பிரதேச சபை. உங்கட றோட்டு எந்த வகை எண்டு தெரியாட்டி பிரதேச சபைக் கந்தோரில போய் வீதிப் பதிவேட்டில இருக்கோ எண்டு கேளுங்கோ, ரெண்டு பேரும் தங்கட இல்லை எண்டு சொன்னா அதையே முதல் கேள்வியா எழுத்தில போடுங்கோ, ஆரும் உரிமை கொண்டாடாத றோட்டுகள் வன்னியில இருக்கு, மழை வந்தா அந்தச் சனம்தான் தனிச்சுப் போகுது.

குளத்தில கதை இன்னும் சிக்கல். சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அது மத்திய அரசு. ரெண்டு மாகாணத்துக்கால ஓடுற ஆத்துத் தண்ணியில நிக்கிற குளங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம், மல்வத்து ஓயாத் தண்ணியில நிரம்பிற கட்டுக்கரைக்குளம் அப்பிடி. மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி மாகாணத்துக்குள்ளேயே முடியிற கனகராயன் ஆத்தை மறிச்சுக் கட்டின இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். வாய்க்கால் துப்பரவு, துருசு திருத்தம், கட்டு உடைப்பு எண்டு எதைக் கேட்டாலும் எந்தக் குளம் எண்டதில இருந்துதான் ஆரிட்டக் கேக்கிறது எண்டு முடிவாகும்.

பள்ளிக்கூடத்தில தேசியப் பாடசாலை மத்திய கல்வி அமைச்சு, மற்றதெல்லாம் மாகாணக் கல்வித் திணைக்களம், அதுக்குக் கீழ வலயக் கல்விக் கந்தோர். கிராமத்து வைத்தியசாலையள் மாகாண சுகாதாரத் திணைக்களம், மாவட்டத்தில பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அதைப் பாக்கிறார். அரச பஸ் மத்தி, மாகாணத்துக்குள்ள ஓடுற தனியார் பஸ்ஸின்ர வழித்தட அனுமதி மாகாணம்.

காடு, வனவிலங்கு, தொல்லியல், இவை மூண்டும்தான் இப்ப வன்னியில சனத்தைப் போட்டு வருத்துது, மூண்டுமே மத்திய அரசின்ர திணைக்களங்கள். ஆளுநருக்கோ பிரதம செயலாளருக்கோ எழுதினா அவையள் அனுதாபமா ஒரு கடிதம் தருவினம், எல்லைக் கல்லுப் போட்டவன் கேக்க மாட்டான். இதுக்குக் கேள்வி நேர அந்தந்த மத்திய அமைச்சருக்குத்தான் போகோணும்.

கேக்க முதல் வாசியுங்கோ

ஏற்கனவே அச்சடிச்சு வெளியில இருக்கிற விசயத்தைக் கேட்டு ஒரு கேள்வியை வீணாக்க வேண்டாம். மாகாணத்தின்ர வருடாந்த பாதீட்டு மதிப்பீடு, திணைக்களங்களின்ர செயலாற்றுகை அறிக்கை எல்லாம் வடக்கு மாகாணத்தின்ர வெப்சைட்டில தேடினா எடுக்கலாம். அதைவிட முக்கியம் கணக்காய்வாளர் நாயகத்தின்ர அறிக்கை. மாகாணசபை இருந்தாலும் இல்லாட்டியும் மாகாணக் கணக்கை அவர் பாத்தே ஆகோணும், அந்த அறிக்கையில வேலை முடியாமக் காசு குடுத்தது, வாங்கின சாமான் பாவிக்காமக் கிடக்கிறது, கட்டின கட்டடம் பூட்டிக் கிடக்கிறது எண்டு அதிகாரியளே மறுக்கேலாத மாதிரி எழுதியிருக்கும். அப்பிடி ஒரு பந்தியைப் பிடிச்சு, "இந்த ஆண்டுக் கணக்காய்வு அறிக்கையில இந்தப் பந்தியில சொன்ன குறைபாட்டுக்கு என்ன நடவடிக்கை, எந்தத் திகதியில" எண்டு கேட்டுப் பாருங்கோ, அந்தக் கேள்வியில இருந்து நழுவுறது லேசில்லை. சனம் சொல்லுது எண்டு கேட்டா "அப்பிடி இல்லை" எண்டு சொல்லிப் போடலாம், கணக்காய்வாளர் சொன்னதை அப்பிடிச் சொல்லேலாது.

காசு எந்த வழியால வந்தது எண்டும் பாருங்கோ. மத்தியில இருந்து மாகாணத்துக்கு வாற காசில சம்பளம், நாளாந்தச் செலவுக்கு வாறது ஒண்டு, அபிவிருத்திக்கெண்டு வாறது வேற, வெளிநாட்டு உதவித் திட்டம் வேற. "மாகாணத்துக்கு இவ்வளவு கோடி வந்ததே" எண்டு மொத்தத் தொகையைச் சொல்லிக் கேட்டா "பெரும்பகுதி சம்பளம்" எண்டு சொல்லி முடிச்சுப் போடுவினம், அதுவும் உண்மைதான். அபிவிருத்தி நன்கொடைக்குள்ள உங்கட மாவட்டத்துக்கு எவ்வளவு எண்டு கேட்டாத்தான் சரியான இடத்தில கை வைச்ச மாதிரி.

கேள்வியை எழுதுறது

இதில கொஞ்சம் நேரம் எடுத்து நிக்கோணும். நல்ல கேள்விக்குப் பதில் ஒரு எண்ணா, ஒரு திகதியா, ஒரு பதவிப் பெயரா, அல்லாட்டி ஒரு ஆவணமாத்தான் வரமுடியும். வேற எதுவும் பதிலா வரமுடியாத மாதிரி வழியளை அடைக்கிறதுதான் எழுதிற ஆளின்ர வேலை.

சாதாரணமா எங்கட ஆக்கள் எழுதிறது இப்பிடி இருக்கும்: "துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில ஆசிரியர் பற்றாக்குறை தலைவிரிச்சு ஆடுது, பிள்ளையளின்ர எதிர்காலம் பாழாப் போகுது, இதுக்கு அரசாங்கம் என்ன செய்யப் போகுது?" மனசில இருக்கிற கவலை நியாயமானது, ஆனா இதுக்கு வாற பதில் "வெற்றிடங்களை நிரப்ப உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." முடிஞ்சுது.

அதே கேள்வியைப் பாராளுமன்றத்தில கேக்கிற வடிவத்தில எழுதினா இப்பிடி வரும், நான் எழுதிற மாதிரி இல்லாம அந்த இடத்துக்குரிய எழுத்துத் தமிழில:

"(அ) (i) துணுக்காய் கல்வி வலயத்திலுள்ள மாகாணப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் 2024.12.31 ஆம் திகதியில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி, பாடசாலை வாரியாக எவ்வளவு;
(ii) அத்திகதியில் அப்பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டிருந்தவர்கள் எத்தனை பேர்;
(iii) அவர்களில் தற்காலிக இணைப்பில் வேறு வலயங்களில் கடமையாற்றியவர்கள் எத்தனை பேர்;
(iv) அந்த இணைப்புகளுக்கு அனுமதி வழங்கிய அதிகாரியின் பதவி யாது;
(v) வெற்றிடங்கள் நிரப்பப்படும் திகதி யாது;
என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) இன்றேல், ஏன்?"

இதில மூண்டாவது உறுப்பைக் கவனியுங்கோ. ஆள் கடதாசியில வன்னிப் பள்ளிக்கூடத்தில, படிப்பிக்கிறது வேற இடத்தில எண்டா, முதல் ரெண்டு எண்ணும் வடிவாப் பொருந்தும், வெற்றிடமே இல்லை எண்டு அறிக்கை சொல்லும், வகுப்பில மட்டும் ஆள் இருக்காது. இணைப்பு எண்ட சொல்லைப் போட்டுக் கேட்டாத்தான் அந்த ஓட்டை தெரியும். இப்பிடி ஒவ்வொரு துறையிலயும் ஒரு ஒளிவிடம் இருக்கு, றோட்டில "நிறைவுபெற்ற வேலை" எண்டா எத்தினை கிலோமீற்றர் திட்டமிட்டது எத்தினை போட்டது எண்டு பிரிச்சுக் கேக்கோணும், ஆஸ்பத்திரியில "வைத்தியர் நியமிக்கப்பட்டுள்ளார்" எண்டா கிழமையில எத்தினை நாள், தங்கி நிக்கிறாரோ, வேற ஆஸ்பத்திரியையும் சேத்துப் பாக்கிறாரோ எண்டு கேக்கோணும், அம்புலன்ஸ் இருக்கு எண்டா ஓடுற நிலையில இருக்கோ, சாரதி இருக்கிறாரோ எண்டு கேக்கோணும். அந்த ஒளிவிடம் எங்க எண்டு உள்ளுக்கு வேலை செய்யிற ஆக்களுக்குத்தான் தெரியும், ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெற்ற கிளார்க், மருத்துவமாது எண்டு ஊரில இருக்கிற ஆக்களோட இருந்து கதைச்சுப் போட்டு எழுதுங்கோ, ஒரு மணித்தியாலக் கதையில கேள்வி பத்து மடங்கு கூராகும்.

கடைசியில வாற "இன்றேல், ஏன்?" எண்டதைச் சும்மா சடங்கு எண்டு நினைச்சு விட வேண்டாம். தகவல் தரேலாது எண்டாலும் காரணம் சொல்லியே ஆகோணும், அந்தக் காரணம் பாராளுமன்றப் பேச்சைப் பதியிற ஹன்சாட்டில பதிஞ்சு கிடக்கும், அடுத்த கேள்விக்கு அதுவே கைப்பிடி.

இன்னும் சில விசயம். திகதி போடாம எண் கேக்க வேண்டாம், "தற்போது" எண்டு கேட்டா ஆளுக்கொரு தற்போது இருக்கும். ஒரு வருசத்தை மட்டும் கேக்காம மூண்டு வருசம் தொடர்ச்சியாக் கேளுங்கோ, அப்பத்தான் கூடுதோ குறையுதோ எண்டு தெரியும். மாவட்ட வாரியாக் கேளுங்கோ, மாகாணம் முழுக்கச் சேத்து ஒரு எண் தந்தா யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஒண்டாக் கலந்து போகும், எங்கட பங்கு எவ்வளவு எண்டு பிரிச்சறிய வழியிருக்காது. ஒரு கேள்விக்குள்ள றோட்டையும் பள்ளிக்கூடத்தையும் போட வேண்டாம், ரெண்டு ஃபைல், ரெண்டு அதிகாரி, ஒருத்தர் தந்தாலும் மற்றவரைக் காத்துக்கொண்டு முழுப் பதிலும் கிடக்கும். கருத்து, குற்றச்சாட்டு, கிண்டல், "இது வெக்கக்கேடு இல்லையா" எண்ட மாதிரி வசனம் இருந்தா பாராளுமன்றச் செயலகத்தில அதை வெட்டுவாங்கள் அல்லது கேள்வியையே திருப்பி அனுப்புவாங்கள், பாராளுமன்றத்தின்ர நடைமுறை விதியான நிலையியற் கட்டளை அதை விடாது. கோட்டில வழக்கு நடக்கிற விசயத்தையும் கேக்கேலாது. தனி ஆளின்ர பெயரைப் போடாம பதவியைப் போடுங்கோ, எங்களுக்கு வேண்டியது வேலை நடக்கிறது, ஒரு மனுசனை அவமானப் படுத்திறது இல்லை.

எம்.பி இட்டக் குடுக்கிறது

வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டா வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, 6 ஆசனம். கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனா தேர்தலுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தோட சேந்தது, அதால கிளிநொச்சிச் சனம் யாழ் மாவட்ட எம்.பி மாரிட்டத்தான் முதல்ல போகோணும். மற்றபடி எந்த எம்.பியும் எந்த ஊரைப் பற்றியும் கேக்கலாம், சட்டத் தடை ஒண்டும் இல்லை. நீங்கள் வாக்குப் போட்ட கட்சியோ இல்லையோ எண்டு பாக்காமக் குடுங்கோ, இது கட்சி அலுவல் இல்லை. ஆளுங்கட்சி எம்.பி சபையில கேள்வி கேக்க யோசிப்பார், ஆனா அமைச்சரோட நேர கதைச்சு வேலையை முடிக்கவும் கூடும், எதிர்க்கட்சி எம்.பி கேள்வியாப் போடுவார், ரெண்டிலயும் ஒரு நன்மை இருக்கு.

வெறும் பிரச்சினையைச் சொல்லிப் போட்டு வரவேண்டாம். எழுதி முடிச்ச கேள்வியை ஒரு பக்கத்தில ரைப் பண்ணி, பின்பக்கம் ஆதாரத்தை இணைச்சு, எந்த அமைச்சருக்குரியது எண்டும் போட்டுக் குடுங்கோ. அவையின்ர கந்தோரில நாளுக்கு எத்தினையோ பேர் வாறினம், எழுதின கேள்வி கையில இருந்தா செயலாளர் அப்பிடியே எடுத்து அனுப்பிப் போடுவார். மாகாண விசயத்தைக் கொழும்பில கேக்கேக்க அது மாகாணசபைகளுக்குப் பொறுப்பான அமைச்சருக்குத்தான் போகும், அவர் மாகாணப் பிரதம செயலாளரிட்டத் தகவல் எடுத்துத்தான் பதில் சொல்லுவார். சில நேரம் "இது மாகாணத்துக்குரிய விடயம்" எண்டு சொல்லித் தப்பப் பாப்பினம். அதுக்கு மறுமொழி ஒண்டு இருக்கு, மாகாணசபை இல்லாத காலத்தில ஆளுநரிட்டத்தான் எல்லாம் இருக்கு, ஆளுநரை நியமிக்கிறது ஜனாதிபதி, அப்ப பாராளுமன்றத்தில கேக்காம வேற எங்க கேக்கிறது? இந்த வசனத்தை எம்.பி இட்டச் சொல்லி வையுங்கோ, மேலதிகக் கேள்வி கேக்கேக்க அவருக்கு உதவும்.

கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில வரக் கொஞ்சக் காலம் எடுக்கும், வந்த பிறகும் அமைச்சர் பதிலுக்குத் தவணை கேட்டுப் பின்னுக்குத் தள்ளுவார், இது அடிக்கடி நடக்கும், மனம் விட வேண்டாம். நீண்ட அட்டவணைப் பதிலெண்டா வாசிக்காமச் சபையில சமர்ப்பிப்பினம், அது ஹன்சாட்டில அச்சாகும், பாராளுமன்ற வெப்சைட்டில பி.டி.எஃப் ஆக் கிடக்கும். அந்தத் திகதியையும் பக்க இலக்கத்தையும் சங்கத்தின்ர கொப்பியில எழுதி வையுங்கோ.

அதே கேள்வியைத் தகவல் உரிமையாலயும் போடுங்கோ

எம்.பி கேப்பார் எண்டு காத்துக்கொண்டு இருக்க வேண்டாம், ரெண்டு வழியாலயும் ஒரே நாளில அனுப்பலாம். ஒவ்வொரு அரச கந்தோரிலயும் தகவல் அதிகாரி ஒருத்தர் இருக்கோணும், அவரின்ர பெயரைக் கந்தோரில ஒட்டி வைச்சிருக்கோணும். தகவல் உரிமைக்கெண்டு ஆர்.டி.ஐ 01 எண்ட படிவம் இருக்கு, அது இல்லாட்டி வெள்ளைக் கடதாசியில எழுதினாலும் காணும், எழுதேலாத ஆள் வாயாலயும் கேக்கலாம், அதிகாரிதான் எழுதி எடுக்கோணும். என்னத்துக்குக் கேக்கிறீங்கள் எண்டு அவர் கேக்கேலாது, நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்திலயே அப்பிடித்தான் இருக்கு.

14 வேலை நாளுக்குள்ள தரலாமோ ஏலாதோ எண்டு முடிவு சொல்லோணும், தரலாம் எண்டா அடுத்த 14 நாளுக்குள்ள தரோணும், கனக்கத் தேட வேண்டியதெண்டா மேலதிகமா 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பதில் வராட்டியோ 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தத் திகதியளைத் தவற விட்டா நியாயம் உங்கட பக்கம் இருந்தும் அலுவல் கெட்டுப் போகும், அதால பதிவுத் தபாலில அனுப்பி அந்தத் துண்டை வைச்சிருங்கோ, நேர குடுத்தாக் கிடைச்சதுக்கு எழுத்தில ஒப்பம் வாங்குங்கோ. ஊரில ஒரு அம்மா தன்ர வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலைக் கேட்டு ஒரு கந்தோருக்கு எழுதி, "ரீச்சர், அவங்கள் வாங்கி வைச்சாங்கள், ஒண்டும் தரேல்ல" எண்டு என்னட்ட வந்து நிண்டா, குடுத்ததுக்கு ஒரு அடையாளமும் கையில இல்லை, திரும்ப முதல்ல இருந்துதான் தொடங்க வேண்டி வந்தது.

இன்னொரு விசயம் கனபேருக்குத் தெரியாது. உள்நாட்டுக் காசில 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டுக் காசெண்டா ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம், இதுகளைப் பற்றித் தொடங்க மூண்டு மாதத்துக்கு முதலே சனத்துக்கு அறிவிக்கோணும் எண்டு அந்தச் சட்டத்தின்ர 9 ஆம் பிரிவு சொல்லுது. வேலை நடக்கேக்கயும் எழுதிக் கேட்டாத் தகவல் தரோணும். உங்கட ஊரில கொந்தராத்துக்காரர் கிறவல் பறிக்கத் தொடங்கின உடனேயே எஸ்ரிமேற் கொப்பியையும், ஒப்பந்தத்தையும், தார் எத்தினை அங்குலம், மதகு எத்தினை எண்ட விபரத்தையும் கேளுங்கோ, போட்டு முடிச்சு மழைக்குக் கரைஞ்ச பிறகு கேட்டா வெறும் வரலாறுதான் கிடைக்கும்.

தமிழில எழுதுங்கோ, பதிலும் தமிழில கேளுங்கோ, அது உரிமை. கொழும்பில இருந்து சிங்களத்தில பதில் வந்தா தமிழில தரச் சொல்லித் திருப்பி எழுதுங்கோ.

பிரதேச சபை உறுப்பினர் செய்யக்கூடியது

சபைக்குப் போன பிள்ளையளுக்கு ஒரு வழி சொல்லுறன். தனி உறுப்பினரா மாகாணத் திணைக்களத்துக்கு எழுதினா பத்தோட பதினொண்டாக் கிடக்கும். ஆனா சபையில பிரேரணை கொண்டுவந்து, நிறைவேத்தி, இந்த இந்தத் தகவலை இந்தத் திணைக்களத்திட்டக் கோரோணும் எண்டு சபைத் தீர்மானமாச் செயலாளர் கையெழுத்தில அனுப்பினா அது ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தைக் கேக்கிறது. கூட்டறிக்கையில பதிவாகும், அடுத்த கூட்டத்தில "பதில் வந்ததோ" எண்டு நிகழ்ச்சி நிரலிலயே வரும். புதுக்குடியிருப்புச் சபையும் கரைதுறைப்பற்றுச் சபையும், அல்லாட்டி கரைச்சியும் பூநகரியும், ஒரே கேள்வியை ஒரே மாதத்தில அனுப்பினா இன்னும் நல்லது, பதில் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாக்கலாம். கட்சி வேறயா இருந்தாலும் ஒரு வைத்தியசாலைக் கேள்வியில ஒண்டா நிக்கேலாதோ?

பதில் வந்தா

பதில் வந்த உடன வட்ஸ்அப்பில போட்டுக் கை தட்டிறதுக்கு முதல், கேள்வியையும் பதிலையும் பக்கத்தில வைச்சு உறுப்பு உறுப்பா ரிக் பண்ணுங்கோ. அஞ்சு கேட்டதுக்கு மூண்டுக்குப் பதில் சொல்லி, ரெண்டை மெல்ல விட்டிருப்பினம். விட்ட அந்த ரெண்டிலதான் விசயம் இருக்கும். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" எண்டு வந்தா, அந்த நடவடிக்கையின்ர கடித இலக்கத்தையும் திகதியையும் கேட்டு அடுத்த கேள்வி. "நிதி கிடைத்ததும்" எண்டு வந்தா, எந்த ஆண்டு மதிப்பீட்டில எவ்வளவு கேட்டீங்கள், எவ்வளவு கிடைச்சது, கேக்கவே இல்லையெண்டா ஏன். "குழு நியமிக்கப்பட்டுள்ளது" எண்டா, நியமிச்ச திகதி, அறிக்கை குடுக்க வேண்டிய திகதி, அறிக்கையின்ர கொப்பி.

பிறகு பதிலைக் கொண்டுபோய் நிலத்தில பாருங்கோ. 2 கிலோமீற்றர் போட்டாச்சு எண்டு எழுத்தில இருந்தா மோட்டச்சைக்கிள் மீற்றரில ஓடிப் பாக்கலாம். ஆறு ஆசிரியர் எண்டு இருந்தா பிள்ளையளிட்டக் கேக்கலாம். எழுத்துக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் இருந்தா போட்டோ, திகதி, பதிலின்ர கொப்பி மூண்டையும் இணைச்சு எம்.பிக்கும், கணக்காய்வுத் திணைக்களத்துக்கும் அனுப்புங்கோ. பாராளுமன்றத்தின்ர அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு மாகாணத்துக் கணக்கையும் கூப்பிட்டு விசாரிக்கிற குழு, அதில இருக்கிற எம்.பி ஆர் எண்டு பாத்து அவருக்கும் ஒரு பிரதி.

நல்ல பதில் வந்து வேலையும் நடந்தா அதையும் எழுதுங்கோ. கந்தோரில இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஒளிக்கிற ஆக்கள் இல்லை, ஆளும் காசும் இல்லாமத் தாங்களே திண்டாடுற அதிகாரியள் கனபேர், எங்கட கேள்வி மேல போனாத்தான் தங்களுக்கும் ஆள் கிடைக்கும் எண்டு நினைக்கிறவையும் இருக்கினம். அவையளிட்ட நன்றி எண்டு ஒரு வரிக் கடிதம் போனா அடுத்த முறை ஃபைல் கெதியா அசையும்.

சங்கத்துக்கு ஒரு தடிச்ச கொப்பி வாங்குங்கோ. கேள்வி இலக்கம், அனுப்பின திகதி, ஆருக்கு, பதில் வரவேண்டிய திகதி, வந்த திகதி, விடுபட்ட உறுப்பு, அடுத்த கேள்வி. நிர்வாகம் மாறினா அந்தக் கொப்பி புதுச் செயலாளரிட்டக் கைமாறோணும். மாகாணசபைத் தேர்தல் வாற அண்டைக்கு வீட்டுப் படியில வந்து நிக்கிற வேட்பாளரிட்ட அந்தக் கொப்பியை விரிச்சு, பதில் வராத கேள்வியளைக் காட்டி, இதில எத்தினையை முதல் வருசத்துக்குள்ள கைதடியில கேப்பீங்கள் எண்டு கேளுங்கோ, அவர் சொல்லுறதையும் அதிலயே திகதியோட எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ.